இல்லாத பதினாறு பக்கங்கள்

இது நடந்தது ஐப்பசி மழைக்கு முன்னாலா, மழை பிடித்த பிறகா என்பதில் இப்போது உறுதி இல்லை. முந்திரிக் கொட்டகையின் தகரத்தில் மழை விழுந்த சத்தம் நினைவில் இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தம் வேறொரு நாளுடையதாகவும் இருக்கலாம். பேசியவர்களின் சொற்களும் அப்படித்தான். சில அப்படியே தங்கியிருக்கின்றன. சில, பின்னால் நினைத்து நினைத்துச் சேர்ந்துகொண்டவை. சோபியாவின் நோட்டில் சிவப்பு மையால் போட்டிருந்த மூன்று மட்டும் நிச்சயம். அதில் தப்பு இல்லை.

அந்த மூன்றைப் போட்டவர் அமராவதி டீச்சர். கந்தர்வக்கோட்டையிலிருந்து மேற்கே உள்ளே போகிற ரோட்டில், முந்திரிக் காட்டுக்கு நடுவில் இருந்த உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளிக்கு நூலகர் கிடையாது. அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் நூலகர். ஏழு வருடமாகச் சாவி அமராவதியின் கைப்பையில் கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஜன்னலோரம் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டால், மணி அடிக்கிறவரை யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. கேட்டாலும் பதில் வர நேரமாகும். கேட்டவர் அதற்குள் வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்.

அந்த வருடம் வகுப்புக்கு ஒரு நாவல் வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்திருந்தது. ஒரே நாவலில் ஆறு பிரதிகள். பிள்ளைகள் மாற்றி மாற்றிப் படித்துவிட்டு மதிப்புரை எழுத வேண்டும். எந்த நாவல் என்பதை ஆசிரியரே எழுதித் தரலாம்.

“எதையாவது ஒண்ணை எழுதிக் குடுங்க டீச்சர். வெள்ளிக்கெழமை லிஸ்ட் போகணும்” என்றார் தலைமையாசிரியர் அய்யாக்கண்ணு.

“படிச்சுப் பாத்துட்டுத் தாரேன் சார்.”

“படிக்கப் போறது பிள்ளைக. நீங்க எதுக்குப் படிக்கிறீங்க?”

அமராவதி எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். ஒன்பதாம் வகுப்பு மட்டும் நின்றது. வெள்ளிக்கிழமை போய் அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தது. புதுக்கோட்டைக்குப் போய்வருகிற பஸ்ஸிலும், சனி ஞாயிறில் வீட்டிலுமாகப் பத்தொன்பது சிறுவர் நாவல்களைப் படித்துத் தள்ளினார். பதினொன்றில் அப்பா செத்துப் போயிருந்தார். மூன்றில் அப்பா குடித்தார். ஒன்றில் வெளியூர் போன அப்பா கடைசி அத்தியாயத்தில் பெட்டியோடு வந்து இறங்கினார். அதைத்தான் முதலில் ஒதுக்கினார். பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்கள் அப்பாக்களை ஏன் இப்படிப் படுத்துகிறார்கள் என்று அவருக்கே ஆயாசமாகிவிட்டது.

“என்னங்க டீச்சர், பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இருக்கீங்க? இந்த வரன் வேணாம், அந்த வரன் வேணாம்னு” என்றார் அய்யாக்கண்ணு.

“ஆமா சார்” என்றார் அமராவதி. அவர் பார்த்தது ஒரு பெண்ணுக்காகத்தான்.

ஒன்பதாம் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் உட்காரும் சோபியாவின் அப்பா ஜோஸ், ஒன்றரை வருடத்துக்கு முன்னால் கட்டட வேலைக்கென்று குவைத் போனவர். பதினொரு மாதம் தினமும் பேசினார். பங்குனியில் ஒரு நாள் போன் அணைந்தது. பிறகு எரியவே இல்லை. கூட இருந்தவர்களைப் பிடித்துக் கேட்டதில், வேறு கம்பெனிக்கு மாறிப் போனார் என்றார்கள். எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியவில்லை. அனுப்பி வைத்த ஏஜெண்டின் நம்பரும் போய்விட்டது. சோபியாவின் அம்மா அந்தோணிமேரி முதலில் ஓடி வந்தது அமராவதியிடம்தான். ஒரு மனு எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுத்தாள். நம்பர் போட்ட ஒரு சீட்டு கிடைத்தது. அதற்குப் பிறகும் மூன்று மனு, மூன்று சீட்டு. அந்தச் சீட்டுகளை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள்.

இதில் எதுவும் சோபியாவுக்குத் தெரியக் கூடாது என்பது அந்தோணிமேரியின் ஏற்பாடு.

நாலாவது மனுவில் கையெழுத்து வாங்க அமராவதி முந்திரிக் கொட்டகைக்குப் போனபோது வறுவல் நடந்துகொண்டிருந்தது. சட்டியில் கொட்டை தீப்பிடித்து எரிய, கரும்புகை தகரத்தில் முட்டி இங்கிட்டும் அங்கிட்டும் அலைந்தது. எரிந்த கொட்டையை மண்ணில் கொட்டி ஆறவிட்டு, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே தட்டு. ஓடு விலக வேண்டும், பருப்பு முழுசாக வர வேண்டும். அந்தோணிமேரி ஆவூர்ப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகுதான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டாள். கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல்கள் கறுத்து, தோல் உரிந்து, ரேகையே இல்லாமல் வழவழப்பாக இருந்தன. ரேஷன் கடை மெசினில் அவள் பெருவிரல் விழுவதில்லை. மனுவில் பேனாவால் எழுத்தெழுத்தாகப் பெயரை எழுதினாள்.

“நேத்தும் அவுக பேசுனாகன்னு சொல்லிப்புட்டேன் டீச்சர். நல்லாப் படிக்கிறியான்னு கேட்டாகன்னு சொன்னேன். சரிம்மான்னா.”

ஜோஸ் இருக்கிற இடத்தில் டவர் கிடையாது. ஆபீஸ் போனில்தான் பேச விடுவார்கள். அதுவும் மத்தியானம் ஒரு பத்து நிமிஷம். அது கூட உடைக்கிற மீனம்மாளின் போனுக்கு வரும். அந்த நேரம் சோபியா பள்ளிக்கூடத்தில் இருப்பாள். சனி ஞாயிறு ஆபீஸ் லீவு. இப்படி ஓட்டை எதுவும் இல்லாமல் கட்டியிருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீனம்மாள் கட்டையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “இவ சொல்றதக் கேட்டா எனக்கே நம்பிக்கை வந்துருது டீச்சர். முந்தாநாளு, ஜோஸ் அண்ணனுக்கு இருமலு, தொண்டையே சரியில்லன்னு பிள்ளைட்ட சொல்லிக்கிட்டு இருக்கா. நான் பதறிப்போயி, மருந்து சாப்புட்டாகளாடின்னு கேட்டுட்டேன்.”

வட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தோணிமேரியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முழங்கையை மடக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எண்ணெய் விரலைக் கண்ணருகில் கொண்டுபோக முடியாது.

“எத்தனை நாளைக்கு அந்தோணிமேரி?”

“பத்தாவது முடியட்டும் டீச்சர். இந்த ரெண்டு வருசம் தாண்டிட்டா போதும். இப்பச் சொன்னா புத்தகத்தத் தொடுவாளா? அதுக்குள்ள அவுகளே வந்தாலும் வந்துருவாக.” ஒரு கொட்டையை எடுத்து வைத்தவள் தட்டாமல் நிமிர்ந்தாள். “அவளுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல டீச்சர்? நீங்க தெனமும் பாக்குறீங்கள்ல?”

“தெரியாது. நல்லாச் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கா.”

அமராவதி அதை நம்பித்தான் சொன்னார். வகுப்பில் கேள்வி கேட்டால் சோபியா எழுந்து பதில் சொன்னாள். சத்துணவு முட்டையில் மஞ்சள் கருவை எடுத்துப் பக்கத்துப் பெண்ணுக்குக் கொடுத்தாள். ஒரு வாத்தியாரின் கண்ணுக்கு இதற்கு மேல் என்ன தெரியும்.

கடைசியில் அகப்பட்ட நாவல் ‘சுட்டியைத் தேடி’. செல்லி என்றொரு சிறுமி. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள அவர்கள் வீட்டுப் பசு சந்தையில் காணாமல் போகிறது. செல்லியும் அம்மாவும் ஊர் ஊராகத் தேடுகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் மாடு தானே வீட்டுக்கு வந்து தொட்டியில் தண்ணீர் குடிக்கிறது. அப்பா என்று ஒருவர் வருகிறார். கதை தொடங்கும்போது களத்தில் படுத்துத் தூங்குகிறார், கதை முடியும்போதும் தூங்குகிறார். இந்த மனிதரைப் பார்த்ததும் அமராவதிக்கு அப்படியொரு நிம்மதி. மாட்டால் ஒரு பிள்ளைக்கு என்ன கெடுதல் வந்துவிடும் என்று நினைத்தார். லிஸ்ட் போனது. ஆறு பிரதியும் வந்தன. முதுகில் ஒன்று முதல் ஆறு வரை எண் எழுதி ஒட்டினார்.

மதிப்புரைக்கு அந்தப் பள்ளியில் ஒரு முறை இருந்தது. கதைச் சுருக்கம், பிடித்த பாத்திரம், கிடைத்த நீதி என்று மூன்று தலைப்பு. பத்துக்குப் பத்து வாங்கிய மதிப்புரையைப் பெற்றோர் கூட்டத்தில் மைக்கில் வாசிக்கச் சொல்வார்கள். முப்பத்தெட்டு நோட்டையும் கட்டித் தூக்கிக்கொண்டு அமராவதி ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினார். மடியில் வைத்துத் திருத்திக்கொண்டே வந்தார். ‘கிடைத்த நீதி: விலங்குகளிடம் அன்பு காட்ட வேண்டும்’ என்று இருபத்தாறு பேர். ‘மாட்டை நன்றாகக் கட்ட வேண்டும்’ என்று நாலு பேர். பஸ் குலுங்கியது. சிவப்பு மை இழுத்துக்கொண்டு ஓடியது.

சோபியாவின் நோட்டில் முதல் பக்கம் சரியாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் கதை எங்கேயோ போனது. மாடு வரவே இல்லை. அமராவதிக்குச் சுருக்கென்றது. எவளுக்காகப் பத்தொன்பது நாவலைப் படித்தாரோ, அவள் இந்த ஒன்றைப் படிக்கவில்லை. கடைசிவரை வாசிக்காமலே ஓரத்தில் எழுதினார்: ‘நூலில் இப்படி இல்லை. படித்துவிட்டு எழுதவும். 3.’

நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது சோபியா அதைப் பார்த்தாள், மூடினாள், பையில் வைத்தாள்.

ஒரு வாரம் கழித்து, திரும்பி வந்த பிரதிகளை அலமாரியில் அடுக்கும்போதுதான் நாலாம் எண் புத்தகம் கையில் விரிந்தது. எண்பதாம் பக்கத்துக்கு அடுத்து மறுபடியும் அறுபத்தைந்து. செல்லியும் அம்மாவும் மறுபடியும் சந்தைக்குப் போனார்கள், மறுபடியும் வெறுங்கையோடு திரும்பினார்கள். பிறகு பின்னட்டை. பைண்டிங்கில் ஒரு மடிப்பு இரண்டு தடவை விழுந்து, கடைசிப் பதினாறு பக்கம் விட்டுப் போயிருந்தது.

அமராவதி அலமாரிக் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நாலாம் பிரதியைப் படித்தவர்களின் பெயரைப் பதிவேட்டில் பார்த்தார். சோபியாவுக்கு முன்னால் நாலு பேர். நாலு பேரும் பக்கத்துப் பிள்ளையிடம் முடிவைக் கேட்டு எழுதிவிட்டிருந்தார்கள். யாரும் வந்து சொல்லவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் புத்தகத்தில் பக்கம் இல்லையென்றால் வாங்கியவன் கிழித்தான் என்றுதான் ஆகும். சோபியா யாரிடமும் கேட்கவில்லை. இல்லாத பக்கத்தைத் தானே எழுதியிருந்தாள்.

மத்தியானம் அவளை நோட்டோடு வரச் சொன்னார். அலமாரி இருந்த அறையில் பெஞ்சு ஒன்றுதான். ஒரு முனையில் அவர் உட்கார்ந்து வாசித்தார். இப்போது கடைசிவரை வாசித்தார்.

‘சுட்டி வரவில்லை. ஆனால் அம்மா தினமும் தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். காலையில் செல்லி எழுந்ததும், நீ தூங்கும்போது சுட்டி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனது, உன்னைக் கேட்டது என்று சொன்னாள். செல்லி போய்ப் பார்த்தாள். தண்ணீர் குறைந்திருந்தது. ஈர மண்ணில் குளம்படி இல்லை. அம்மாவின் காலடி இருந்தது. செல்லி தன் காலால் அதை அழித்துவிட்டு வந்தாள். பிடித்த பாத்திரம்: அம்மா. கிடைத்த நீதி:’

அந்த இடம் காலியாக இருந்தது.

வெளியே பிள்ளைகள் தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது. அமராவதி நோட்டை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

“எப்படி தெரியும் ஒனக்கு?”

சோபியா நகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அங்க வெள்ளிக்கெழமைதான் டீச்சர் லீவு. அப்பாவே சொல்லிருக்காங்க. ஞாயித்துக்கெழமை வேலை உண்டாம். அம்மா நம்ம ஊரு மாதிரின்னு நெனச்சுக்கிட்டு, சனி ஞாயிறு ஆபீஸ் பூட்டிருக்கும்னு சொல்றாங்க. வெள்ளிக்கெழமை பேசுனாங்கன்னு சொல்றாங்க.”

“எப்ப கண்டுபிடிச்ச?”

“மொதத் தடவை சொன்னப்பவே.”

அது ஏழு மாதத்துக்கு முன்னால்.

“அம்மாட்டச் சொல்றதுதானே?”

“சொன்னா அம்மா என்ன செய்வாங்க டீச்சர்? அது ஒண்ணுதான் நல்லாச் செய்யிறாங்க.” பிறகு சட்டென்று, “நீங்க சொல்லிராதீங்க” என்றாள்.

அமராவதி பேனாவை எடுத்தார். “தப்பா மார்க் போட்டுட்டேன்ம்மா. புத்தகத்துல பக்கம் இல்லைன்னு பாக்கல. பத்துப் போட்டுத் தாரேன்.”

“வேணாம் டீச்சர். மூணே இருக்கட்டும். பத்துன்னா மைக்குல வாசிக்கச் சொல்வாங்க. அம்மா வருவாங்க.”

பேனா கைப்பைக்குத் திரும்பியது. கொடுக்க வேறு எதுவும் இல்லாததால் அமராவதி அலமாரியிலிருந்து இரண்டாம் எண் பிரதியை எடுத்து நீட்டினார். “இதுல கடைசிப் பக்கமெல்லாம் இருக்கு. எடுத்துட்டுப் போயிப் படி.”

“மாடு வந்துருமா டீச்சர்?”

“வந்துரும்.”

சோபியா புத்தகத்தை வாங்கவில்லை. “அப்ப வேணாம் டீச்சர்” என்றாள். மணி அடித்தது. போய்விட்டாள்.

அடுத்து வந்த ஒரு சனிக்கிழமை, ஐந்தாவது மனுவோடு அமராவதி கொட்டகைக்குப் போனார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது; விறகு நனைந்துவிட்டதால் வறுவல் இல்லை, உடைப்பு மட்டும். சாப்பாட்டு நேரம். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்த சோபியா பையோடே வீட்டுக்குப் போய்த் தூக்குவாளியில் அம்மாவுக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டு வந்திருந்தாள். அமராவதி மனுவைக் கைப்பைக்குள் மறைத்துக்கொண்டார்.

“வாங்க டீச்சர், நல்ல நேரத்துல வந்தீங்க” என்றாள் அந்தோணிமேரி. விரல்களில் சாம்பலைப் பூசித் தேய்த்துக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, மகளின் பள்ளிக்கூடப் பையைத் திறந்து நோட்டை எடுத்தாள். “என்னமோ மாட்டுக் கதை எழுதிருக்காளாமே. பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லுச்சு. எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க விடிஞ்சிரும். நீங்க வாசிங்க, இவளுகளும் கேக்கட்டும்.”

“அம்மா, டீச்சருக்கு வேலை இருக்கும்” என்றாள் சோபியா.

“ஒரு பக்கம் வாசிக்கிறதுல என்ன வேலை கெட்டுருச்சு? நீ சும்மா இரு.”

“மாட்டுக் கதையா? நம்ம முதலாளியப் பத்தியா?” என்றாள் மீனம்மாள். ஓட்டுக் குவியலைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கட்டைகள் நின்றன.

அமராவதி நோட்டை வாங்கினார். முதல் பக்கத்தை உள்ளபடி வாசித்தார். செல்லி, சுட்டி, சந்தை, தேடல். அந்தோணிமேரி சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். வாளி மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு சோபியா தகரத்திலிருந்து வடிகிற தண்ணீரையே பார்த்தாள்.

“ஒரு நாள் காலையில்…” என்றார் அமராவதி. தூறலுக்கு மேல் குரலை உயர்த்தினார். “ஒரு நாள் காலையில் செல்லி கண் விழித்தபோது வாசலில் மணிச் சத்தம் கேட்டது. சுட்டி தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.”

நூலில் இப்படி இல்லை என்று எழுதிய அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பக்கத்தில் இல்லாததை வாசித்தார். செல்லி ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள், அம்மா அழுதாள், அப்பா களத்தில் தூங்கிக்கொண்டிருந்தார் என்று முடித்தார்.

“வந்துருச்சா!” என்றாள் மீனம்மாள். “நான் அடிமாட்டுக்கு ஏத்திட்டாங்கன்னுல்ல நெனச்சேன்.”

“வராம எங்கடி போகும்? வாயில்லா சீவன் வீட்ட மறக்குமா?” அந்தோணிமேரி இடது கையை நீட்டி நோட்டை வாங்கிப் பார்த்தாள். எழுத்துத் தடுமாறினாலும் எண் அவளுக்குத் தெரியும். “என்ன டீச்சர், செவப்புல மூணுன்னு போட்டுருக்கு? இவ்வளவு நல்லா எழுதுனதுக்கு மூணா?”

அமராவதியிடம் பதில் வர எப்போதும் நேரமாகும். அவர் வாயைத் திறப்பதற்குள் சோபியா சொன்னாள்: “அது மார்க்கு இல்லம்மா. கிளாஸ்ல மூணாவதா வந்துருக்கேன்.”

சொன்ன வேகத்தில் ஒரு தடுமாற்றம் இல்லை. அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது.

“மூணாவதா! கேட்டுக்கங்கடி!” அந்தோணிமேரி நோட்டைத் தூக்கி வட்டத்துக்கே காட்டினாள். “முப்பத்தெட்டுப் பிள்ளைகள்ல மூணாவது. அவுக பேசட்டும், இதத்தான் மொதல்ல சொல்லப் போறேன்.”

“திங்கக்கெழமை பேசுவாங்கல்ல, சொல்லும்மா” என்றாள் சோபியா. வாளியின் அடியில் கிடந்த கருவாட்டுத் துண்டை எடுத்து அம்மாவின் தட்டில் வைத்தாள்.

மனு கைப்பையிலேயே இருந்தது. அமராவதி அன்றைக்கு அதை வெளியே எடுக்கவில்லை. அடுத்த வாரம் எடுத்தார், கையெழுத்தானது, அதற்கும் ஒரு சீட்டு கிடைத்தது.

அய்யாக்கண்ணு ஓய்வு பெற்றுவிட்டார். அமராவதிக்குத் திருமயம் பக்கம் மாற்றலாகிவிட்டது. அங்கேயும் அலமாரிச் சாவி அவரிடம்தான் வந்தது. புதுப் புத்தகம் வந்தால் முதலில் பக்க எண்களைச் சரிபார்க்கிறார். மதிப்புரைக்கு மதிப்பெண் போடுவதில்லை, தேதி மட்டும் போடுகிறார். மீனம்மாள் வேறு போன் வாங்கினாள், நம்பரை மாற்றவில்லை. சோபியா பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கித் தேறி, கந்தர்வக்கோட்டையில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பத்தாவது முடிந்ததும் அந்தோணிமேரி சொல்லவில்லை. பன்னிரண்டாவது முடியட்டும் என்று மாற்றிக்கொண்டாள். அதே கொட்டகையில்தான் உடைக்கிறாள். இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் போன் வருகிறது.

ஜோஸைப் பற்றி இதுவரை ஒரு தகவலும் இல்லை.